கொடைக்கானல் ஏரி: படகுச் சவாரியைத் தவிர வேறென்ன?

காவிரிக்கரை:

பிப்ரவரி முதல் வாரம், திங்கள் முதல் வியாழன் வரை கொடைக்கானல் போகிறோம். திருச்சியிலிருந்து எங்கள் காரில். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் தேய்மானம். மகளுக்கு ஒன்பது வயது, ஓரிடத்தில் உட்காரமாட்டாள். தம்பி மலையேறப் போகிறேன் என்று இப்போதே ஷூ வாங்கிவிட்டான். ஏரிக்குப் பக்கத்திலேயே அறை கிடைத்திருக்கிறது.

காரில் ஏறி இறங்கி, போகிற இடத்திலெல்லாம் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மேகம் மூடியிருந்தால் 'ஒண்ணும் தெரியல' என்று திரும்பும் பயணம் மட்டும் வேண்டாம். வெளியில் இருக்க வேண்டும், முடிந்தவரை நடக்க வேண்டும். ஏரியை வைத்தே நாட்களைக் கழிக்க முடியுமா? பேரிஜம், மன்னவனூர் இரண்டில் ஒன்றுதான் போவோம் என்றால் எது? சொல்லுங்கள்.

ஏழுரோடு:

தாராளமாகக் கழிக்கலாம் மேடம். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏரியைப் பார்ப்பதே இல்லை. படகுத்துறை வாசலில் நின்று டிக்கெட் வாங்கி, அரைமணி நேரம் பெடல் மிதித்து, பஜ்ஜி தின்றுவிட்டு 'ஏரி முடிஞ்சுது' என்று போய்விடுகிறார்கள்.

ஏரிக்கு நட்சத்திர வடிவம் என்று எல்லாரும் எழுதுவார்கள். கரையில் நின்றால் அது தெரியாது. நடந்தால்தான் தெரியும். நாலா பக்கமும் கைகள் நீண்டிருக்கின்றன, ஒரு கையின் ஓரத்தில் நடக்கும்போது அடுத்த கை மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதனால் சுற்றுச்சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் இருந்தாலும் சலிக்காது. ஏற்ற இறக்கமும் அதிகம் இல்லை. அப்பா முழுச் சுற்றும் வர வேண்டியதில்லை. பாதி தூரம் நடந்துவிட்டு உட்காரட்டும், நீங்கள் காரை எடுத்துவந்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

நேரம்தான் முக்கியம். காலை ஆறரைக்குக் கரையில் இருங்கள். தண்ணீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். சுற்றுலா வண்டிகள் இன்னும் விழித்திருக்காது. உள்ளூர்க்காரர்கள் குல்லாவும் மப்ளருமாக நடப்பார்கள். நீங்கள் வரும் வாரத்தில் ஜிம்கானா பக்கப் புல்வெளியில் உறைபனி கிடக்கவும் வாய்ப்பு உண்டு. புல்லின் நுனியெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளையாக இருக்கும், வெயில் பட்ட பக்கம் மட்டும் பச்சை திரும்பிக்கொண்டே வரும். பாப்பாவை எழுப்பிக் கூட்டிவாருங்கள், எட்டு மணிக்கு வந்தால் ஒன்றும் இருக்காது.

படகு காலை ஒன்பதுக்கு மேல்தான். பெடல் போட் அப்பாவின் முழங்காலுக்கு வேண்டவே வேண்டாம். படகோட்டி கூட வரும் துடுப்புப் படகு எடுங்கள். 'தூரத்துக் கைக்கு விடுங்க அண்ணே' என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் துறைக்கு எதிரிலேயே ஒரு வட்டம் போட்டுத் திரும்பிவிடுவார்கள்.

மலைவண்டி:

ஏழுரோடு சொல்வதெல்லாம் சரி. ஆனால் முழங்கால் வலிக்காரரை ஆறரை மணிக் குளிரில் நடக்கவிடச் சொல்வது நியாயமா? நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவன், என் பிழைப்புக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வயதானவர்களுக்கு 12 மைல் சுற்றுச்சாலைதான் வசதி. மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண்பாறை எல்லாமே வண்டி நிற்கும் இடத்திலிருந்து கொஞ்ச நடைதான். தூண்பாறை நானூறு அடி நிமிர்ந்து நிற்கிறது, அதைப் பார்க்காமல் கொடைக்கானல் போய்வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஒரே விஷயம், காலையிலேயே கிளம்ப வேண்டும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவிட்டால் தூணும் தெரியாது, பாறையும் தெரியாது.

ஏழுரோடு:

மலைவண்டி அண்ணே, நானும் அதைத்தானே சொல்கிறேன்! காலையில் எங்கே இருக்கிறோம் என்பதுதான் கேள்வி. வார நாள் என்பதால் 12 மைல் சுற்று ஒரு காலைக்குத் தாங்கும். சனி ஞாயிறாக இருந்தால் வேண்டாமென்றே சொல்லியிருப்பேன், பைன் காட்டு வாசலில் வண்டிகள் நகராது.

குணா குகைக்கு எதிர்பார்ப்போடு போக வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் 'பிசாசின் சமையலறை' என்று பெயர் வைத்திருந்த பாறைப் பிளவு அது. உள்ளே விடமாட்டார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். ஆனால் அங்கே பின்னிக் கிடக்கும் மரவேர்கள் இருக்கின்றனவே, குழந்தைகளுக்கு அவைதான் பிடிக்கும்.

அப்பாவுக்கு என்று தனியாகக் கேட்டால், கோக்கர்ஸ் வாக். 1872இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலை விளிம்பை ஒட்டி அமைத்த நடைபாதை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பாதை நன்றாக இருக்கும், உட்காரவும் இடம் உண்டு. வானம் தெளிந்திருந்தால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். அங்கிருந்து பிரையன்ட் பூங்கா பக்கம்தான். பூங்கா மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில்தான் முழு அழகு, பிப்ரவரியில் பாத்திகள் பாதி காலியாக இருக்கும்.

சைக்கிள்காரன்:

மகளுக்கு நான் சொல்வது சைக்கிள். ஏரிச்சாலையில் வாடகைக்குக் கிடைக்கும், சின்னப் பிள்ளைகள் அளவிலும் உண்டு, இருவர் சேர்ந்து மிதிக்கும் நீள சைக்கிளும் உண்டு. எடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: முன் பிரேக், பின் பிரேக், சீட்டு உயரம். வாடகை சைக்கிளில் பெரும்பாலும் ஏதாவது ஒரு பிரேக் பேருக்குத்தான் இருக்கும். அப்புறம் எல்லாரும் போகும் திசையிலேயே ஓட்டுங்கள், குதிரைகள் வரும்போது மணி அடிக்க வேண்டாம்.

குதிரைச் சவாரியும் அதே சாலையில்தான். விலை ஏறும் முன்பே பேசிவிடுங்கள், எங்கே போய்த் திரும்புவது என்பதையும் சேர்த்து. கொஞ்ச தூரம் போய்த் திருப்பிவிட்டு 'ரவுண்டு முடிஞ்சுது' என்று இறக்கிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள்.

சோலைக்குருவி:

பேரிஜம் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. நான் பறவை பார்க்கப் போகிறவன், அந்தக் கண்ணோடு சொல்கிறேன்.

ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம், முழுக்க வனத்துறைக் கட்டுப்பாடு. அனுமதிச் சீட்டு வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு உண்டு. வழியில் மதிகெட்டான் சோலை, தொப்பித் தூக்கும் பாறை, அமைதிப் பள்ளத்தாக்கு எல்லாம் வரும். ஏரியில் படகு கிடையாது, இறங்கிக் குளிக்கக் கூடாது, கடை கிடையாது. பெரியகுளத்துக்குக் குடிநீர் போகும் ஏரி அது, அப்படித்தான் இருக்க வேண்டும். தண்ணீர் ஓரம்வரை காடு, அவ்வளவுதான். சத்தமில்லாத இடம் பிடிக்கும் என்றால் இதற்கு ஈடு கிடையாது. பாப்பாவுக்கு அரைமணியில் போரடிக்கலாம்.

இன்னொன்று, யானைகள் வந்து நின்றால் அன்று பாதையை மூடிவிடுவார்கள். அதனால் பேரிஜத்தை மட்டும் நம்பி ஒரு நாளை ஒதுக்காதீர்கள். கைவசம் வேறு திட்டம் இருக்கட்டும்.

பறவைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஊருக்குள்ளேயே பாம்பே சோலை இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அதன் ஓரச்சாலையில் பேசாமல் நில்லுங்கள். முதலில் கேட்பது பழனி சிரிப்பானின் சத்தமாகத்தான் இருக்கும், ஒன்று ஆரம்பித்தால் மற்றவை சேர்ந்துகொள்ளும். தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது, இங்கே வேலியோரப் புதரில் பழம் தின்றுகொண்டிருக்கும். கருப்பும் ஆரஞ்சுமாக ஒரு குட்டி ஈப்பிடிப்பான் தரையை ஒட்டித் தாவும். அதைப் பார்த்தால் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள், கையைக் காட்டிக் கத்த வேண்டாம் என்று மட்டும் முன்பே சொல்லிவையுங்கள்.

வைகைக்கரைத் தம்பி:

பேரிஜம் தாண்டி அப்படியே மூணாறு போய்விடலாமாமே? பழைய வரைபடத்தில் சாலை காட்டுகிறது.

சோலைக்குருவி:

முடியாது தம்பி. 1990 வாக்கில் மூடிய சாலை அது. வண்டராவு, டாப் ஸ்டேஷன் வழியாகப் போனது, இப்போது காடு எடுத்துக்கொண்டுவிட்டது. பைக்கில் போய்ப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், வழக்கு போடுவார்கள்.

பூம்பாறைக்காரன்:

எங்கள் பக்கத்தை எல்லாரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள்! மேடம், குழந்தையும் பெரியவரும் சேர்ந்து வருகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மன்னவனூர்தான்.

கொடைக்கானலிலிருந்து மேற்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் வரும். சாலை வளைந்து வளைந்து போகும், பாப்பாவுக்கு வாந்தி வருமென்றால் காலையில் இட்லியோடு நிறுத்துங்கள். பாதி வழியில் எங்கள் பூம்பாறை. மேலே சாலையில் நின்று பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். வீடுகள் ஒரு குவியலாக, சுற்றிலும் படிப்படியாகப் பூண்டு வயல். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இதுதான். தோல் அழுத்தமாக இருக்கும், காரம் தூக்கலாக இருக்கும். எல்லாரும் மேலே நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் கீழே இறங்கிக் குழந்தை வேலப்பர் கோயிலுக்கு வாருங்கள். போகர் செய்த சிலை என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

மன்னவனூரில் ஏரியைச் சுற்றிப் புல்வெளி. கொடைக்கானல் ஏரிபோல் கட்டடங்கள் கண்ணில் படாது. வனத்துறை பரிசல் விடுகிறது. வட்டமாகச் சுற்றிவிடுவார்கள், உங்கள் மகள் இறங்கமாட்டாள். நுழைவாயிலிலிருந்து ஏரிக்குச் சரிவில் இறங்க வேண்டும். போகும்போது ஒன்றுமில்லை, திரும்பும்போது அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள். பக்கத்திலேயே மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை, முயல்களும் உண்டு. மதியத்துக்கு மேல் காற்று பலமாக அடிக்கும், காதுக்கு மறைப்பு எடுத்துவாருங்கள்.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. மன்னவனூர் முடிவாகிவிட்டது. பேரிஜம் சீட்டு கிடைத்தால் பார்ப்போம். தம்பி டால்பின் நோஸ் போய் அப்படியே வெள்ளகவி, கும்பக்கரை என்று இறங்கப் போகிறேன் என்கிறான். தனியாக. யூடியூபில் பார்த்தானாம். விடலாமா?

மலைவண்டி:

தனியாக விடாதீர்கள்.

ஏழுரோடு:

டால்பின் நோஸ் வரை போகட்டும். வட்டக்கானலில் வண்டியை விட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் போல இறக்கம். சில இடங்களில் மரவேர்தான் படிக்கட்டு. போவது சுலபம், ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். நுனிப் பாறைக்குத் தடுப்புக் கிடையாது, கீழே நேர் பள்ளம். பாறை ஈரமாக இருந்தால் தள்ளியே நிற்கச் சொல்லுங்கள். அங்கே நின்று காலைத் தொங்கப்போட்டுப் படம் எடுக்கும் பைத்தியக்காரத்தனத்தை நானும் எத்தனையோ பார்த்துவிட்டேன், பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் கால் நடுங்கும்.

வெள்ளகவி வேறு கதை. சாலை வருவதற்கு முன் கொடைக்கானலுக்கு ஆட்கள் ஏறிவந்த பழைய குதிரைப்பாதை அந்தப் பக்கம்தான். காலங்காலமாகத் தலைச்சுமையிலும் குதிரையிலும் பொருள் போன ஊர். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள், ஊரே கோயில் என்பது அவர்கள் எண்ணம். போகிறவர்களும் எல்லையில் கழற்றிவிட வேண்டும். சுற்றுலாப் பயணிகள் ஷூவோடு போய்ப் பிரச்சினையானதும் உண்டு.

சோலைக்குருவி:

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச்சில் போடி பக்கம் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறையே நாற்பது பாதைகளைத் திறந்தது, இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். பெரும்பாலும் அந்த மலையோரத்துக் கிராமத்துப் பிள்ளைகள்தான். தம்பி அந்தத் தளத்தைப் பார்த்து, அந்த வாரம் எது திறந்திருக்கிறதோ அதற்குப் பதியட்டும்.

பிப்ரவரி பாதியில் தீக்காலம் என்று மூடிவிடுவார்கள், ஏப்ரல் வரை போகும். நீங்கள் முதல் வாரம் வருவதால் தப்பித்தீர்கள். ஆனால் அப்போதே புல் காய்ந்திருக்கும். தீப்பெட்டி, சிகரெட் எதையும் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் யாராவது வந்து 'சார் சீக்ரெட் ட்ரெக், பர்மிட் தேவையில்லை' என்றால் அந்த ஆளோடு போகவே வேண்டாம்.

மூஞ்சிக்கல் கடைக்காரர்:

மலைக்கு வரும் வண்டிகளுக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதி, இ-பாஸ், அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. காரில் வருகிறீர்கள் என்பதால் எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இருக்கிறது. அரசுப் பேருந்தில் வந்தால் வேண்டாம். 2025 சீசனுக்கு வார நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள்.

எங்களுக்கு அதில் வருத்தம் உண்டு. சீசன் இரண்டு மாதத்தில் சம்பாதித்து மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து சாப்பிடும் ஊர் இது. குதிரைக்காரர், சோளம் சுடுகிறவர், சைக்கிள் கடை எல்லாருக்கும் அடி. கணக்கு யார் எப்படிப் போட்டார்கள் என்று எங்களிடம் கேட்கவும் இல்லை.

சைக்கிள்காரன்:

அண்ணாச்சி, வருத்தம் புரிகிறது. ஆனால் வரம்பு வருவதற்கு முன் மே மாதத்தில் வெள்ளி அருவியிலிருந்து ஊர் வரை எட்டு கிலோமீட்டர் வண்டிகள் வரிசையில் நின்றதையும் பார்த்தோமே. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் உங்களிடம் சோளமும் வாங்கமாட்டார், என்னிடம் சைக்கிளும் எடுக்கமாட்டார்.

மூஞ்சிக்கல் கடைக்காரர்:

அதுவும் உண்மைதான். அப்படியானால் கீழே வத்தலகுண்டில் வண்டியை நிறுத்தவைத்து நிறையப் பேருந்து விடட்டும். ஆள் வரட்டும், வண்டி வேண்டாம். அதை ஏன் செய்யவில்லை என்றுதான் கேட்கிறேன்.

மேடம், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, சோதனையில் பிடிப்பார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

தூண்டில்ராஜா:

ஏரியில் மீன் பிடிக்கலாமா? என்னிடம் ராடு இருக்கிறது.

ஏழுரோடு:

மீன்வளத் துறையிடம் கேட்டு, உரிமம் தந்தால் பிடியுங்கள். சாப்பிடுவதைப் பற்றி மட்டும் நான் சொல்லிவிடுகிறேன், நான் சாப்பிடுவதில்லை. 2001இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் காற்று வழியாகவும் மழை வழியாகவும் ஏரிக்கு வந்திருந்ததை அந்தப் பத்தாண்டில் நடந்த ஆய்வில் கண்டார்கள், மீனிலும் இருந்தது. நடப்பதற்கும் படகுக்கும் அதனால் ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம். ஊருக்குக் குடிநீரும் இந்த ஏரியிலிருந்து வருவதில்லை, மனோரத்தினம் சோலை அணைப் பக்கமிருந்து வருகிறது.

பூம்பாறைக்காரன்:

காட்டு மாடு பற்றியும் சொல்லுங்கப்பா. அதை விட்டுவிட்டீர்கள்.

ஏழுரோடு:

ஆமாம். மாலை ஆறுக்கு மேல் ஏரிச்சாலையிலேயே வந்து நிற்கும். ஆயிரம் கிலோ உடம்பு, ஆனால் நடந்தால் சத்தமே கேட்காது. பசுமாடு போலத் தலையைக் குனிந்து மேயும், அதைப் பார்த்து ஏமாந்து செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போகிறவர்கள்தான் குத்து வாங்குகிறார்கள். எதிரில் வந்தால் ஓடாமல் பின்னால் நகர்ந்து, ஒரு கடைக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கன்று கூட இருந்தால் இரண்டுக்கும் நடுவில் போகவே கூடாது. இருட்டிய பிறகு ஏரிச்சாலையில் நடை வேண்டாம்.

காவிரிக்கரை:

திரும்பி வந்துவிட்டோம். பேரிஜம் சீட்டு கையில் இருந்தும் யானை நடமாட்டம் என்று மூடிவிட்டார்கள், சோலைக்குருவி சொன்னது சொன்னபடி நடந்தது. அன்று குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். யாழ்ப்பாணத்து பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை மணந்த வெள்ளைக்கார அம்மையார் 1936இல் கட்டிய கோயில் என்று அப்பாதான் எங்களுக்குச் சொன்னார். வாசலில் நின்றால் ஒரு பக்கம் பழனி மலை, இன்னொரு பக்கம் வைகை அணை. அப்பாவுக்கு அங்கிருந்து வரவே மனமில்லை. அடுத்த குறிஞ்சி 2030இல்தான் என்றதும் மகள் தன் வயதைக் கூட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பரிசலில் மூன்று முறை சுற்றச் சொல்லி அடம். தம்பி வனத்துறை வழிகாட்டியோடு போய்வந்து இரண்டு நாள் படிக்கட்டில் இறங்க முடியாமல் முனகினான். உறைபனியைப் பார்த்தோம். எல்லாருக்கும் பெரிய நன்றி.

மெட்ராஸ்வாசி:

தாமதமாக வருகிறேன். இதே திட்டத்தை மே இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு.

ஏழுரோடு:

வைத்துக்கொள்ளலாம், ஆனால் இதே திட்டம் நடக்காது. மேயில் படகுக்கு வரிசை மணிக்கணக்கில் நிற்கும், அறை வாடகை இரண்டு மூன்று மடங்கு. இ-பாஸ் முன்கூட்டியே எடுங்கள். திங்கள் மதியம் ஏறி வியாழன் காலை இறங்கிவிடுங்கள். மாலையில் இடிமழை வரும், அதனால் வெளியில் செய்வதெல்லாம் பன்னிரண்டு மணிக்குள். பழனி வழியாக ஏறினால் வத்தலகுண்டு சாலையைவிட நெரிசல் குறைவு. பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருமே, அப்போது வர முடியுமா என்று பாருங்கள். ஏரியும் நிறைந்திருக்கும், வெள்ளி அருவியிலும் தண்ணீர் இருக்கும், ஏரி வழிந்து போகும் தண்ணீர்தானே அது.

மலைவண்டி:

செப்டம்பர் என்றால் குடையும் எடுத்துவாருங்கள். இங்கே வாங்கினால் ஒரே காற்றில் திரும்பிக்கொள்ளும்.